ஸ்டார் சார்

ஓசூரில் தெருவுக்கு ஒருவர் இருக்கிறார். மத்திகிரிப் பக்கம் போனாலும், பாகலூர் ரோட்டில் புதிதாக முளைத்த நகர்களுக்குள் நுழைந்தாலும், சிப்காட் கம்பெனி பஸ் நிற்கும் முனையில் சும்மா நின்றாலும் அவரிடமிருந்து தப்ப முடியாது. வயது ஐம்பதைத் தொட்டுக்கொண்டிருக்கும். சட்டைப் பையில் பேனா இருக்கவேண்டிய இடத்தில் டெஸ்டர் இருக்கும். ஏதோ ஒரு தொழிற்சாலையில் மெயின்டனன்ஸ் பிரிவு. தொண்ணூறுகளில் ஐடிஐ சான்றிதழோடு தெற்கேயிருந்து பஸ் ஏறி வந்தவர். ‘ரெண்டு வருஷம் இருந்துட்டு ஊருக்கே போயிடுவேன்’ என்று சொல்லிக்கொண்டே இங்கே மனை வாங்கி, வீடு கட்டி, மாடியும் எடுத்துவிட்டவர்.

அப்பா அம்மா வைத்த பெயர் ரேஷன் கார்டில் பத்திரமாக இருக்கிறது. தெருவில் அவர் ஸ்டார் சார். சினிமாவும் ஜோதிடமும் இதில் கிடையாது. ஃப்ரிட்ஜ், ஃபேன், ஏசி மீது ஒட்டியிருக்கும் சீட்டில் எத்தனை நட்சத்திரம் என்று பார்க்காமல் அவர் எந்த வீட்டிலும் காபி குடிப்பதில்லை. உட்காரச் சொன்னால் முதலில் அண்ணாந்து பார்ப்பார். “சார், இது சாதா ஃபேனா? எழுபத்தஞ்சு வாட் இழுக்குமே!” வீட்டுக்காரர் பதறிப்போய் ஃபேனை நிறுத்துவார். அப்புறம் இரண்டு பேரும் வியர்த்துக்கொண்டே காபி குடிப்பார்கள்.

இந்த நோய் அவருக்குக் கம்பெனியில் பிடித்தது. அசோக் லேலண்ட், டிவிஎஸ், டைட்டன் என்று எண்பதுகளில் பெரிய ஆலைகள் ஓசூரில் காலூன்றின. அவற்றுக்கு உதிரி பாகம் செய்யும் நூற்றுக்கணக்கான சின்னப் பட்டறைகளும் கூடவே வந்தன. பின்னாலேயே கைசன், ஃபைவ்-எஸ் என்று ஜப்பான்காரர்களின் தொழிற்சாலை ஒழுங்குமுறைகளும் வந்தன. எட்டு மணி நேர ஷிஃப்டில் அதைக் கற்றுக்கொண்டவர் மீதி பதினாறு மணி நேரம் அதை வீட்டில் செய்துபார்க்கிறார். சுவிட்சுகளுக்குக் கலர் ஸ்டிக்கர். பச்சை என்றால் யார் வேண்டுமானாலும் போடலாம். மஞ்சள் என்றால் யோசித்துப் போடவேண்டும். சிவப்பு கீசருடையது, அதற்கு வாய்மொழி அனுமதி தேவை. டிசம்பர் 14 தேசிய எரிசக்தி சிக்கன நாள். கம்பெனியில் கையை நீட்டி உறுதிமொழி எடுப்பார்கள். அந்தத் தாளை வீட்டுக்குக் கொண்டுவந்து மனைவி, மகள், பிளஸ் டூ படிக்கும் பையன், ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மா எல்லாரையும் ஹாலில் வரிசையாக நிறுத்துவார். பாட்டி மட்டும் பாதியில், “குக்கர் விசில் வந்துருச்சு” என்று கழன்றுகொள்வார்.

பாட்டியிடம் அவருக்கு வேறொரு வழக்கும் உண்டு. 2011-இல் தொடங்கிய விலையில்லா மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறித் திட்டத்தில் ஊரில் கிடைத்த டேபிள் ஃபேனை பாட்டி கையோடு கொண்டுவந்திருக்கிறார். ஸ்டார் சார் அதைத் தன் வாட் மீட்டரில் சொருகிப் பார்த்து, முகத்தைச் சுளித்து, புதுசு வாங்கித் தருகிறேன் என்று சொல்லிப் பார்த்துவிட்டார். “அந்த அம்மா குடுத்தது. ஓடுற வரைக்கும் ஓடட்டும்டா” என்பதே தீர்ப்பு. மேல்முறையீடு கிடையாது.

அவருடைய மேதைமையைப் பார்க்கவேண்டுமென்றால் ஃப்ரிட்ஜ் கடைக்கு அவரோடு போகவேண்டும். தீபாவளிக்கு முன்னால் ஓசூர்க் கடைகளில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் ஒரே வாக்கியத்தில் ஓடும். விற்பனைப் பையன் ஓடிவருவான்.

“வாங்க சார். இது பாருங்க, டபுள் டோர், ஃபைவ் ஸ்டார்.”

“எந்த வருஷத்து ஃபைவ் ஸ்டார்?”

பையன் முழிப்பான். இந்தக் கேள்விக்கு அவனுக்குப் பயிற்சி கொடுக்கவில்லை. ஸ்டார் சார் குனிந்து கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு சீட்டைப் படிப்பார். நாமெல்லாம் சிவப்பு நட்சத்திரங்களை எண்ணிவிட்டு நிமிர்கிற இடத்தில்தான் அவர் படிக்கவே தொடங்குகிறார். எந்த ஆண்டு அளவுகோல், எத்தனை லிட்டர், ஆண்டுக்கு எத்தனை யூனிட். அவர் சொல்வதில் பிழை கிடையாது. எரிசக்தித் திறன் அமைப்பு 2006-இல் தொடங்கிய இந்த நட்சத்திர முறையில் அளவுகோலை அவ்வப்போது இறுக்கிக்கொண்டே வருகிறார்கள். 2022-இல் ஏசிக்கு இறுக்கினார்கள். 2023-இல் ஃப்ரிட்ஜுக்கு. முந்தின வருஷம் ஐந்தாக இருந்த பெட்டி அடுத்த வருஷம் நான்காகிவிடும். பெட்டி மாறவில்லை, பரீட்சை கடினமாகிவிட்டது. அதனால் பழைய சரக்கின் ஐந்து, புது சரக்கின் நான்குக்குச் சமமாக இருக்கலாம்.

“இன்னொண்ணு தம்பி. பெரிய பெட்டியோட அஞ்சு ஸ்டாரு, சின்னப் பெட்டியோட மூணு ஸ்டாரை விட அதிகமா இழுக்கலாம். ஸ்டாரெல்லாம் அதே சைசுக்குள்ள போட்டி. எனக்கு ஸ்டார் வேணாம். வருஷத்துக்கு எத்தனை யூனிட்டு? அதைச் சொல்லு.”

பக்கத்தில் வேறு ஃப்ரிட்ஜ் பார்த்துக்கொண்டிருந்த பேடரப்பள்ளிக் குடும்பம் மெல்ல நகர்ந்து இவர் பின்னால் வந்து நிற்கும். சூளகிரியிலிருந்து சீர்வரிசைக்கு வாங்க வந்தவர்களும் சேர்ந்துகொள்வார்கள். கொஞ்ச நேரத்தில் அது வகுப்பறை. கல்லாவிலிருந்து முதலாளி கவலையோடு எட்டிப் பார்ப்பார். இரண்டு மணி நேரம் கழித்து ஸ்டார் சார் ஒன்றும் வாங்காமல் வெளியே வருவார். பின்னால் நின்ற மூன்று குடும்பங்கள் வாங்கியிருக்கும். அந்தக் கடைக்காரர் அவருக்குக் கமிஷன் கொடுத்தாலும் தப்பில்லை.

இத்தனைக்கும் அவர் பயப்படுவது நட்சத்திரத்துக்கு அல்ல, ஒரு எண்ணுக்கு. 501.

தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை கரண்ட் பில். 2016-இலிருந்து முதல் 100 யூனிட் எல்லா வீட்டுக்கும் இலவசம். 2022 செப்டம்பர் 10-இல் வந்த கட்டணப்படி 200 யூனிட் ஓட்டினால் 225 ரூபாய். 500 யூனிட் ஓட்டினால் 1,725 ரூபாய். சரி, 501 ஓட்டினால்? 1,958. ஒரே ஒரு யூனிட் கூடினதற்கு 233 ரூபாய். ஏனென்றால் 500-ஐத் தாண்டிய வீட்டுக்கு 101 முதல் 200 வரையிலான யூனிட்டுக்கு இருந்த 2 ரூபாய் 25 காசு சலுகை போய், அங்கேயும் நாலரை ரூபாய் ஆகிவிடுகிறது. தாண்டின யூனிட்டுக்கு 8 ரூபாய் தனி. அதன் பிறகு கட்டணம் இன்னும் ஏறியிருக்கிறது. நம்மில் பாதிப் பேருக்கு இந்த விஷயமே தெரியாது. பில்லைப் பார்த்து, “இ.பி.காரன் கொள்ளையடிக்கிறான்” என்று சொல்லிவிட்டு ஜிபேயில் கட்டிவிட்டுப் போய்விடுவோம். ஸ்டார் சாருக்கு இது மனப்பாடம். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். தூக்கத்தில் எழுப்பாமலே சொல்கிறார் என்று அவர் மனைவி சொல்கிறார்.

எனவே ரீடிங் எடுக்க ஆள் வரும் வாரம் அந்த வீட்டில் நெருக்கடி நிலை. மீட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் தொங்கும் வெள்ளை அட்டையைப் பார்த்துப் போன ரீடிங்கைக் கழித்து, காலையில் ஒரு முறை, ஷிஃப்ட் முடிந்து வந்து ஒரு முறை அறிவிப்பார். “நானூத்தி எழுபத்தெட்டு!” அப்போதிலிருந்து வாஷிங் மெஷின் நிறுத்தம். துணி பாட்டியின் காலத்துக்குத் திரும்பிக் கல்லில் துவைக்கப்படும். இஸ்திரி வெளியே, தள்ளுவண்டிக்காரரிடம். டிவி ஓடாதபோதும் உயிரோடிருக்கும் செட்-டாப் பாக்ஸுக்குப் பத்து வாட் என்று வைத்தால்கூட இரண்டு மாதத்துக்கு 14 யூனிட் ஆகிறது என்று அதன் பிளக்கைப் பிடுங்கிவிடுவார். சீரியலின் திருப்புமுனை வாரத்தில் இப்படிச் செய்ததற்காக அவர் நான்கு நாள் தனியாகச் சாப்பிட்ட வரலாறு உண்டு.

ரீடிங் எடுக்க வருபவர் தாமதமாக வந்தால் அவர் படும் பாட்டைச் சொல்லி முடியாது. அறுபது நாளுக்குப் பதில் அறுபத்தைந்து நாள் ஓடினால் அந்த ஐந்து நாள் சேர்ந்து 500-ஐத் தாண்டிவிடுமே! மகள் கல்யாணத்துக்கு மாப்பிள்ளை வீட்டார் வரும்போது நின்றதைவிட அதிக நேரம் அவர் கேட்டில் நின்றது ரீடிங்குக்காகத்தான்.

எல்லையோரம் வாழ்பவருக்குக் கூடுதலாக ஒரு துன்பம் உண்டு. ஜூஜூவாடியைத் தாண்டினால் அத்திப்பள்ளி. மனைவியின் தம்பி அங்கே வாடகைக்கு இருக்கிறான், பொம்மசந்திராவில் வேலை. கர்நாடகத்தில் 2023-இல் கிருக ஜோதி திட்டம் வந்த நாளிலிருந்து மச்சானின் நடையே மாறிவிட்டது. அங்கே மாதத்துக்கு 200 யூனிட் வரை இலவசம்.

“மாமா, இந்த மாசம் பில் எவ்வளவு தெரியுமா? சைபர்!” என்று பில்லைப் போட்டோ பிடித்துக் குடும்ப வாட்ஸப் குழுவில் போடுவான். கூடவே கை கூப்பும் படம் வேறு.

ஸ்டார் சார் அசரவில்லை. திட்டத்தின் விதியையே தோண்டி எடுத்தார். எல்லாருக்கும் முழுசாக 200 கிடையாது. தொடங்கியபோது இருந்த விதிப்படி, ஒரு வீட்டின் முந்தைய நிதியாண்டுச் சராசரி எவ்வளவோ அதோடு 10 சதவீதம்; அதுவும் 200-க்குள். 200-ஐத் தாண்டினால் மொத்தத்துக்கும் பணம் கட்டவேண்டும். அதாவது போன வருஷம் சிக்கனமாக 70 யூனிட் ஓட்டினவனுக்கு 77 இலவசம். கவலையில்லாமல் 170 ஓட்டினவனுக்கு 187 இலவசம்.

இதைப் படித்த அன்று அவர் இரவுச் சாப்பாட்டைப் பாதியில் நிறுத்திவிட்டார். “ஃபேனை நிறுத்தி நிறுத்தி மிச்சம் பிடிச்சவனுக்குக் கம்மி. ஊதாரிக்கு அதிகம். இது என்ன நியாயம்?” இந்த ஒரு விஷயத்தில் நான் முழுக்க அவர் கட்சி. மச்சான் கட்சி வேறு. அவன் அந்த நிதியாண்டில் இன்டக்‌ஷன் அடுப்பில் சமைத்தவன்.

கிருஷ்ணகிரியில் இருக்கும் சகலை வீட்டைப் பற்றி அதிகம் சொல்லவேண்டாம். அங்கே வெயில், அங்கே ஏசி. 2020-இலிருந்து ஸ்டார் போட்ட அறை ஏசி எல்லாம் 24 டிகிரியில்தான் விழித்துக்கொள்ளவேண்டும் என்பது விதி. சகலை உடனே 18-க்குத் தட்டிவிட்டுக் கம்பளி போர்த்திப் படுப்பார். விருந்துக்குப் போன ஸ்டார் சார் நள்ளிரவில் எழுந்து ரிமோட்டை 26-இல் வைத்துவிட்டு ஒன்றும் அறியாதவர்போலக் குறட்டை விடுவார். இப்போது அங்கே ரிமோட் தலையணைக்கு அடியில் இருக்கிறது.

இவ்வளவு கெட்டிக்காரர் எங்கே கோட்டை விடுகிறார் என்று கேட்டால், குளியலறையில்.

ஓசூர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 880 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊர். வெள்ளைக்காரன் குளிருக்காகத் தேடி வந்த ஊர். மார்கழியில் இங்கே ஃபேன் சுற்றாது. ஸ்டார் சார் இரட்டை விலை கொடுத்து மூன்று அறைக்கும் 28 வாட் பிஎல்டிசி ஃபேன் போட்டிருக்கிறார். கோடையில் அது நல்ல முதலீடுதான். தினம் பன்னிரண்டு மணி நேரம் சுற்றினால் பழைய ஃபேனைவிட இரண்டு மாதத்துக்கு ஃபேன் ஒன்றுக்கு 34 யூனிட் மிச்சம். ஆனால் டிசம்பர் முதல் பிப்ரவரி முடியும்வரை அந்த மூன்றும் கூரையைப் பிடித்துக்கொண்டு சும்மா தொங்குகின்றன. அந்த மாதங்களில் மீட்டரைச் சுழற்றுவது கீசர்.

“எங்க கீசரு அஞ்சு ஸ்டாரு” என்பார் பெருமையாக. இங்கேதான் அவருடைய படிப்பு நின்றுபோகிறது. தொட்டி கீசரின் நட்சத்திரம், சூடான தண்ணீர் உள்ளேயே சும்மா இருக்கும்போது எவ்வளவு சூட்டை இழக்கிறது என்பதற்குக் கொடுத்த மதிப்பெண். தண்ணீரைச் சூடாக்க ஆகும் மின்சாரம் ஒரு ஸ்டாருக்கும் ஐந்து ஸ்டாருக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். அது இயற்பியல், எந்தக் கம்பெனியும் அதில் தள்ளுபடி தரமுடியாது. 15 லிட்டரை 35 டிகிரி ஏற்ற 0.6 யூனிட் ஆகும். நான்கு பேர் குளித்தால் நாளைக்கு 2.4. இரண்டு மாதத்துக்கு 145 யூனிட்டைத் தொடும். பிளஸ் டூ பையன் ஒருவன் இருக்கும் வீட்டில் இந்தக் கணக்கும் போதாது. அவன் குளிக்கப் போனால் அது ஒரு ஷிஃப்ட். செட்-டாப் பாக்ஸின் 14 யூனிட்டுக்காக மனைவியோடு போர் நடத்தியவர், கதவுக்குப் பின்னால் ஆவியாகப் போய்க்கொண்டிருக்கும் 145-ஐ நட்சத்திரத்தை நம்பி விட்டுவிட்டார்.

இதைக் கண்டுபிடித்தவர் அவர் மனைவி. அவர் ஐடிஐ படிக்கவில்லை, கைசன் தெரியாது. தம்பி வீட்டுக்குப் போய்வரும்போது பஸ் ஜன்னல் வழியாகப் பெங்களூரு ரோட்டோர வீடுகளின் மொட்டைமாடிகளைப் பார்த்துக்கொண்டே வந்தவர். “ஏங்க, அங்க பாதி வீட்டு மாடியில சாய்ச்சு வெச்சு ஒரு உருளை நிக்குதே, அது என்ன?” சூரிய வெந்நீர்த் தொட்டி. ஸ்டார் சார் அதன் சீட்டில் எத்தனை நட்சத்திரம் என்று தேடினார். நட்சத்திரத்தைக் காணோம் என்பதால் அந்தத் திட்டத்தை ஒரு வருஷம் கிடப்பில் போட்டார்.

உங்களுக்கு ஃப்ரிட்ஜ் வாங்கவேண்டுமா, ஏசி வாங்கவேண்டுமா, தயங்காமல் அவரைக் கடைக்குக் கூட்டிப் போங்கள். ஒரு காபி செலவில் கடைக்காரரைவிட நேர்மையான பதில் கிடைக்கும். வருஷத்தைப் பார்க்கச் சொல்வார், நட்சத்திரத்துக்குக் கீழே இருக்கும் யூனிட்டைப் பார்க்கச் சொல்வார், இரண்டும் சரி. கீசர் விஷயத்துக்கு மட்டும் அவரிடம் கேட்காமல் நேரே சமையலறைக்குப் போய்விடுங்கள். அந்த அம்மா சூரிய ஹீட்டருக்கு முன்பணம் கட்டிவிட்டார். ஸ்டார் சாருக்கு இன்னும் தெரியாது.