விலை சொல்லாத பழக்கடை

கி.பி. 850 வாக்கில் ராஷ்டிரகூட நாட்டில் பழம் வாங்குவது லேசுப்பட்ட காரியமாக இருந்திருக்காது. அமோகவர்ஷர் ஆட்சி. சமணக் கணித அறிஞர் மகாவீரர் 'கணித சார சங்கிரகம்' எழுதுகிறார். அவர் நூலில் வரும் கடைக்குப் போய் "விளாம்பழம் என்ன விலை?" என்று கேட்டால் நேரான பதில் வராது. ஒன்பது கடாரங்காயும் ஏழு விளாம்பழமும் சேர்த்து 107. ஏழு கடாரங்காயும் ஒன்பது விளாம்பழமும் சேர்த்து 101. தனி விலையை நாமேதான் கண்டுபிடிக்க வேண்டும். "சீக்கிரம் சொல்லு" என்று மகாவீரர் வேறு அவசரப்படுத்துகிறார், சமஸ்கிருதச் செய்யுளில்.

நம்மூர் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளையை அனுப்பினால் பிரதியிடல் முறையில் இறங்கிவிடும். விளாம்பழம் வாய் திறக்காதா? கடாரங்காயை விட்டுச் சொல்ல வைப்போம். 107-இல் ஒன்பது கடாரங்காய் விலையைக் கழித்து ஏழால் வகுத்தால் ஒரு விளாம்பழம். அதைத் தூக்கி இரண்டாம் சமன்பாட்டில் விளாம்பழம் உட்கார்ந்திருக்கும் இடத்தில் வை. வகுத்தல் தொல்லை தீர எல்லாவற்றையும் ஏழால் பெருக்கு. 49 கடாரங்காய், அதோடு 963, அதில் 81 கடாரங்காய் போனால் 707. ஆக 32 கடாரங்காய் 256. ஒன்று 8, விளாம்பழம் 5.

மகாவீரர் இப்படிச் சுற்றவில்லை. பெரிய தொகையைப் பெரிய எண்ணிக்கையாலும் சின்னதைச் சின்னதாலும் பெருக்கிக் கழி. எண்ணிக்கைகளின் வர்க்க வித்தியாசத்தால் வகு என்றார். 963, 707, 32. பிள்ளை வியர்க்க வியர்க்கக் கண்ட அதே எண்கள்! ஆனால் எண்ணிக்கைகள் இப்படி இடம் மாறி நிற்கும் கடையில்தான் இந்தச் சூத்திரம் செல்லும். பக்கத்துக் கடைக்குப் போனால் பிள்ளைதான் ஜெயிக்கும்.

1912-இல் ரங்காச்சாரியாரின் ஆங்கில மொழிபெயர்ப்போடு நூல் சென்னையில் அச்சேறியது. பழ விலை மட்டும் ஏறவில்லை.

அதே நூலில் மூன்று வணிகர்கள் வழியில் ஒரு பணமுடிப்பைப் பார்க்கிறார்கள். "இது எனக்கானால் உங்கள் இருவர் பணத்தைப்போல் இரண்டு மடங்கு என்னிடம் இருக்கும்" என்கிறார் ஒருவர். அடுத்தவர் மூன்று மடங்கு என்கிறார், மூன்றாமவர் ஐந்து. பிரதியிட்டுப் பார்த்தால் கிடைக்கும் மிகச் சிறிய விடை: முடிப்பில் 15, கைகளில் 1, 3, 5. ஒற்றைக் காசுக்காரர்தான் முதலில் வாயைத் திறந்திருக்கிறார்!

கீழே கிடக்கும் பிறர் பொருளைத் தொடக் கூடாது என்பது சமண இல்லறத்தாரின் விரதம். எழுதியவரோ சமணர். முடிப்பைத் தொலைத்தவரை அவர் ஒரு மாறியாகக்கூடச் சேர்க்கவில்லை.