கால் நனைத்தல்: மெரினாவை முன்வைத்து ஒரு பின்ன ஆய்வு

சித்திரையும் வைகாசியும் இளவேனில் என்பது இலக்கணம். முழுப்பரீட்சை முடிந்து பிள்ளைகள் ஊர் விட்டு ஊர் போவது அந்த இளவேனிலில்தான். அக்னி நட்சத்திரம் வந்து உட்காருவதும் அதிலேதான். பிற்பகல் மூன்று மணிக்கு மெரினா மணலில் செருப்பில்லாமல் நின்ற எவரும் அதற்கு அப்படியொரு பெயர் சூட்டியிருக்க மாட்டார் என்பது இக்கட்டுரையாளரின் பணிவான துணிபு. அது கிடக்கட்டும். விடுமுறைக்கு வந்த பிள்ளைகளைக் கடற்கரைக்கு அழைத்துப் போகும் பெரியவர்கள் “காலை மட்டும் நனைச்சுக்கோங்க” என்கிறார்களே, அந்தக் கால் எதுவரை என்பதே இங்கு ஆய்வுப்பொருள்.

தமிழில் கால் என்பது உறுப்பு. நாலில் ஒரு பங்கும் அதுவே. அரை என்பது பாதி. இடுப்புக்கும் அதுதான் பெயர், அரைஞாண் கயிறு சாட்சி. கடலோரத்தில் பிள்ளை மேய்த்துப் பட்ட பாட்டிலிருந்துதான் முன்னோர் பின்ன வாய்பாட்டை அமைத்தார்கள் என்பது என் கருதுகோள். முதல் அலையில் கால். அடுத்ததில் அரை. பிறகு முக்கால். கடைசியில் முழுக்கு. வழியில் இறங்குவதற்கு ஸ்டாப்பிங் கிடையாது.

சோதனைக்கு அக்கா பிள்ளைகள் மூவர் கிடைத்தனர். தென்காசிக்காரர்கள், குற்றாலத்தில் குளித்து வளர்ந்தவர்கள். தலையில் விழும் தண்ணீரை அறிவார்கள். காலை வாரும் தண்ணீரை அறியார்கள். கருவிகள்: ஒரு துண்டு, செருப்புகளுக்கு ஒரு மஞ்சப்பை. களம், உழைப்பாளர் சிலைக்குப் பின்புறம். தேவி பிரசாத் ராய் சௌத்ரி வடித்து 1959இல் நிறுவப்பட்ட அந்தச் சிலையில் நான்கு பேர் ஒரு பாறையோடு மல்லுக்கட்டுகிறார்கள். ஏழு வயதுப் பையனை அலையிலிருந்து கரைக்கு இழுக்கும் மாமன்மாருக்கும் அதே முதுகு, அதே முழங்கால் மடிப்பு. சிற்பி மாலையில் ஒருமுறையாவது இங்கு உலாவியிருக்க வேண்டும்.

சிலையிலிருந்து தண்ணீருக்குப் போவது ஒரு தனி யாத்திரை. கவர்னர் கிராண்ட் டஃப் 1884இல் இங்கே நடைபாதை போட்டு, சிசிலி நினைவில் மெரினா என்று பெயரிட்டார். நடப்பதற்குப் போட்டது; இன்றும் நடந்துகொண்டேதான் இருக்கிறோம். ஆண்டின் பெரும்பகுதி இந்தக் கரையோரம் மணல் தெற்கிலிருந்து வடக்கே நகரும். துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர் அதை மறித்தது. தெற்கே மணல் சேர்ந்து சேர்ந்து கடல் தள்ளிப் போயிற்று. இன்று அகலம் சுமார் 300 மீட்டர். வடக்கே ராயபுரம் பக்கம் கரையைக் கடல் தின்றதும் இதே கணக்கின் பற்றுப் பக்கம் என்பதால், நம் மணலைப் பற்றி ரொம்பப் பெருமைப்படுவதற்கில்லை. அந்த 300 மீட்டருக்குள் பஞ்சுமிட்டாய், பலூன் சுடுதல், ராட்டினம், குதிரை, மிளகாய் பஜ்ஜி, தேங்காய் மாங்காய் பட்டாணி சுண்டல். கடலைக் கண்ணால் பார்க்குமுன் என் ஆய்வு நிதி தீர்ந்தது.

ஒன்றை மட்டும் விளையாட்டில்லாமல் சொல்லிவிடுகிறேன். மெரினாவில் கரை சட்டென்று ஆழமாகும். திரும்பும் அலை குதிகாலுக்கடியிலிருந்து மணலை உருவிக்கொண்டு போகும். குளிக்கத் தடை இருப்பதும், குதிரைப் போலீஸ் விரட்டுவதும் அதனால்தான். ஆகவே மூவர் கையையும் கோத்துக்கொண்டு, நுரை வந்து ஓயும் இடத்திலேயே சோதனையை நடத்தினேன்.

மூத்தவள் பாவாடையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கி, வாய்பாட்டையே பொய்யாக்கிவிடுவாள் போல நின்றாள். நடுவில் உள்ளவன் ஐந்து நிமிடத்தில் அரையைத் தொட்டான். எப்படி என்று கேட்டதற்கு, “அலைதான் மாமா பெருசா வந்துச்சு” என்றான். கடைக்குட்டி பின்னங்களையே மதிக்கவில்லை, நேராக உட்கார்ந்துவிட்டான். அவனைத் தூக்கக் குனிந்தபோது அடுத்த அலை வந்தது. அதில் மூத்தவளும் முக்கால்.

வாசலில் அக்கா நால்வரையும் ஏற இறங்கப் பார்த்தாள். “காலைத்தானேடா நனைக்கச் சொன்னேன்?” கேள்வி பிள்ளைகளுக்கு அல்ல, ஆய்வாளருக்கு. ஆய்வாளரின் பேண்ட் பாக்கெட்டில் இருந்த செல்போன் மூன்று நாளாக அரிசி டப்பாவுக்குள் கிடக்கிறது. மெரினாவில் எடுத்த படங்கள் இக்கட்டுரையில் இடம்பெறாததற்கு அதுவே காரணம்.