பெட்ரோல் டேங்க்கின் பெருமூச்சு

எங்கள் வீட்டுக் காருக்கு ஆவணி மாதத்தில் ஒரு புதுப் பழக்கம் வந்தது. திருச்சியிலிருந்து கிளம்பினால் கீரனூர் வரை சமர்த்தாகப் போகும். அதைத் தாண்டியதும் விக்கும், இழுக்காது, ஓரமாக நின்றுவிடும். பெட்ரோல் மூடியைத் திறந்தால் 'உஸ்ஸ்ஸ்' என்று நீளமாக ஒரு பெருமூச்சு. மூடிவிட்டுச் சாவியைத் திருகினால் ஒன்றுமே நடக்காத மாதிரி புதுக்கோட்டை வரை ஓடும். ஊருக்குள் மட்டும் ஓட்டினால் எந்தத் தொந்தரவும் கிடையாது. சொந்தக்காரர்கள் எல்லாம் புதுக்கோட்டையில் இருப்பதால், காருக்கு அவர்களைப் பிடிக்கவில்லை என்று நான் ஒரு கருத்து வைத்திருந்தேன். வீட்டில் சொல்லவில்லை.

நம் ஊரில் ரோட்டோரம் பானெட்டைத் திறந்து வைத்தால் போதும், ஆலோசனைக் கூட்டம் தானாகக் கூடிவிடும். "எத்தனால் கலக்குறான் சார், அதான்" என்றார் ஒரு மினி லாரி டிரைவர். மைத்துனர் போனிலேயே, "பம்ப் போயிருச்சு மாமா, மாத்திருங்க" என்று தீர்ப்பு சொல்லிவிட்டார். மாமனார் பஞ்சாங்கத்தைப் பார்த்துவிட்டு, வண்டி எடுத்த நேரம் ராகு காலம் என்றார். எடுத்துப் பதினோரு வருஷம் ஆகிறது; ராகு இவ்வளவு பொறுமைசாலி என்று எனக்குத் தெரியாது. ஒரு பெரியவர், மூடியைக் கழற்றிவிட்டுத் துணியைச் சுருட்டி அடைத்து ஓட்டச் சொன்னார். பீடியை அணைக்காமல் சொன்னார்.

நியூஜெர்சியில் இருக்கும் சித்தப்பா மகன் மட்டும், "அண்ணா, மூடி மூணு தடவை க்ளிக்னு சொல்ற வரைக்கும் திருகு" என்றான். அவன் ஊரில் அது சரியான வைத்தியம்தான். அங்கே 1996 முதல் புதுக் கார்களுக்கு ஓபிடி-2 கட்டாயம். பெட்ரோல் ஆவி கசிகிறதா என்று கார் தன்னைத்தானே சோதித்துக்கொள்ளும். மூடியைச் சரியாகத் திருகாவிட்டால்கூட டாஷ்போர்டில் எஞ்சின் விளக்கு எரியும். என் காருக்கு அந்த அளவு மானரோஷம் கிடையாது. ஸ்கேனரை மாட்டிப் பார்த்தபோது 'குறை ஒன்றும் இல்லை' என்று காட்டியது.

கவனித்துப் பார்த்தால், இத்தனை பேரும் பெட்ரோலைப் பற்றித்தான் பேசினார்கள். காற்றைப் பற்றி யாரும் கேட்கவில்லை. எண்ணெய் டின்னில் ஒரு ஓட்டை போட்டுக் கவிழ்த்தால் கொஞ்சம் ஊற்றிவிட்டு நின்றுவிடும். எதிர் மூலையில் இன்னொரு ஓட்டை போட்டால்தான் ஒழுங்காக ஊற்றும். டேங்க்கும் அப்படித்தான். பெட்ரோல் செலவாகச் செலவாக, அந்த இடத்துக்குக் காற்று வர வேண்டும். வராவிட்டால் உள்ளே வெற்றிடம் கூடி, பம்ப் இழுக்கத் திணறும்.

அந்தக் காலத்தில் இதற்கு மூடியில் ஒரு துளை போதும். காற்று உள்ளே வரும், பெட்ரோல் ஆவி வெளியே போகும், யாரும் கவலைப்படவில்லை. கவலைப்பட வைத்தவர் கால்டெக்கில் இருந்த ஹாகன்-ஸ்மிட் என்ற விஞ்ஞானி. அன்னாசிப் பழத்தின் மணத்தை ஆராய்ந்துகொண்டிருந்தவர், 1950 வாக்கில் லாஸ் ஏஞ்சல்ஸின் புகைமூட்டத்தை ஆராயப் போனார். காரிலிருந்தும் எண்ணெய் ஆலையிலிருந்தும் வரும் ஆவியும் புகையும் வெயிலில் வேதிமாற்றம் அடைந்துதான் கண்ணைக் கரிக்கிறது என்று கண்டுபிடித்தார். அன்னாசியோடு நிறுத்தியிருந்தால் என் செலவு மிச்சம். கலிபோர்னியாவில் 1970 மாடல் கார்களிலிருந்து டேங்க் ஆவியை வெளியே விடக் கூடாது என்றாகிவிட்டது. பிறகு உலகமெல்லாம் பரவி நம் ஊருக்கும் வந்தது.

வெளியே விடாத ஆவியை என்ன செய்வது? ஒரு டப்பா நிறையக் கரியை வைத்து அதில் பிடித்து வைக்கிறார்கள். அதன் பெயர் கேனிஸ்டர். உள்ளே இருப்பது ஆக்டிவேட்டட் கார்பன். ஒரு கிராம் கரியின் நுண்துளைகளை எல்லாம் விரித்தால் ஆயிரம் சதுர மீட்டர் அளவுக்குப் பரப்பு வரும், அதாவது நாலரை கிரவுண்ட். எஞ்சின் ஓடும்போது பர்ஜ் வால்வு திறந்து, அந்த ஆவியை இழுத்து எரித்துவிடும். இதெல்லாம் நடக்கவும், டேங்க்குக்குக் காற்று போகவும், கேனிஸ்டருக்கு வெளிக்காற்று வர ஒரு ஹோஸ் உண்டு. அதன் வாய் காருக்கு அடியில், யாரும் பார்க்காத இடத்தில் இருக்கிறது.

வயலூர் ரோட்டில் எங்கள் மெக்கானிக் பாய் ஒருவர்தான் காரைப் பற்றிக் கருத்து சொல்லாமல் காரிடமே கேட்டார். மூடியைத் திறந்து 'உஸ்'ஸைக் காது கொடுத்துக் கேட்டார். "காத்து வெளிய வரல சார், உள்ள போகுது" என்றார். கையை வைத்துப் பார்த்தேன், உண்மைதான். பர்ஜ் வால்வைக் கழற்றி ஊதினார். காற்று போகவில்லை, கரண்ட் இல்லாதபோது அது மூடித்தான் இருக்க வேண்டும், ஆகவே நல்லது. அப்புறம் காருக்கு அடியில் படுத்து, வெளிக்காற்று ஹோஸைக் கழற்றி ஊதினார். அங்கும் காற்று போகவில்லை. அங்கே போக வேண்டும். ஹோஸைத் தரையில் தட்டினார். காய்ந்த மண்கட்டி ஒன்று விழுந்தது.

குளவிக் கூடு.

"மூடியிலயும் காத்து இழுக்க ஒரு குட்டி வால்வு இருக்கு சார். அது ஒட்டிக்கிச்சு. இல்லேன்னா வண்டி நின்னிருக்காது" என்று மூடியையும் மாற்றச் சொன்னார்.

வீட்டில் விஷயத்தைச் சொன்னதும் அம்மாவுக்கு மூடியிலும் வால்விலும் அக்கறை இல்லை. "கூட்டை உடைச்சிட்டீங்களா? செம்மண்ணா, களிமண்ணா?" குளவி கூடு கட்டினால் வீட்டில் குழந்தை பிறக்கும் என்பது அம்மாவின் மாறாத சித்தாந்தம். வீட்டில் கல்யாணமானவள் என் மனைவி ஒருத்திதான்; மகள் காலேஜ் முடித்துவிட்டாள். மனைவி அம்மாவைப் பார்த்த பார்வையைக் குடும்ப நலன் கருதி இங்கே எழுதவில்லை.

பூச்சியிடம் தோற்றதில் எனக்கு வெட்கமில்லை. 2011-இல் மஸ்டா கம்பெனி அமெரிக்காவில் 50,000-க்கும் மேற்பட்ட மஸ்டா-6 கார்களைத் திரும்ப அழைத்தது. காரணம், இதே ஆவிக் குழாயில் வலை பின்னிய ஒரு மஞ்சள் சிலந்தி. அதற்குப் பெட்ரோல் வாசனை பிடிக்குமாம். சிலந்தி நுழையாதபடி ஒரு ஸ்பிரிங் வைத்தார்கள். 2014-இல் மறுபடியும் 40,000-க்கும் மேற்பட்ட கார்களை அழைக்க வேண்டி வந்தது. இந்த முறை சாஃப்ட்வேரை மாற்றினார்கள். சிலந்தியோடு மல்லுக்கட்டுவதை விட்டுவிட்டார்கள் போல.

புது மூடியும் கூலியும் சேர்த்து, மைத்துனர் சொன்ன பம்ப்பின் விலையில் பத்தில் ஒரு பங்குகூட ஆகவில்லை. பாய் பணத்தை வாங்கிக்கொண்டு ஒன்று கேட்டுக்கொண்டார், அதை உங்களிடமும் சொல்லிவிடுகிறேன். டேங்க் நிரப்பும்போது 'டக்' என்று ஆட்டோ கட் ஆனதும் நிறுத்திவிடுங்கள். 'ரவுண்டா ஆக்குப்பா' என்று மேலே விடுகிற பெட்ரோல் கேனிஸ்டருக்குள் போய்க் கரியை ஊற வைத்துவிடும், பிறகு டப்பாவையே மாற்ற வேண்டியதுதான். ஜிபேயில் 1,963 ரூபாய் என்று அடித்தாலும் பணம் போகத்தான் செய்கிறது.