ஊறுகாய் இல்லை, ரத்தம்!

கேள்வி: தலைவர் பிறந்த நாளில் தொண்டர்கள் வரிசையில் நின்று ரத்தம் கொடுக்கிறார்கள். அப்படியும் மே மாதம் வந்தால் ‘ரத்தம் அவசரம்’ என்று வாட்ஸ்அப் அலறுகிறதே, ஏன்?

பதில்: ஜாடியில் போட்டு வருஷம் முழுக்க வைத்துக்கொள்ள அது என்ன ஆவக்காயா? சிவப்பணுக்கள் குளிர்பெட்டியில் அதிகபட்சம் 42 நாள் தாங்கும். தட்டணுக்கள் செல்லப்பிள்ளை. ஃப்ரிட்ஜ் ஆகாது, 22 டிகிரி வாக்கில், தொட்டில்போல் ஓயாமல் ஆட்டும் மெஷினில் கிடத்த வேண்டும். அத்தனை சீராட்டியும் ஐந்தே நாள்! பிளாஸ்மாதான் சமர்த்து, உறையவைத்தால் ஒரு வருஷம் பேசாமல் கிடக்கும்.

ஒரே நாளில் எடுத்த பைகள் ஒரே நாளில்தானே காலாவதியாகும்? மே மாதம் கல்லூரிகளுக்கும் லீவு. முகாமுக்குப் பையன்களை எங்கே பிடிப்பது?

அவசரம் என்று அப்படியே ஏற்றிவிடவும் முடியாது. எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, சி, சிஃபிலிஸ், மலேரியா ஐந்துக்கும் சோதனை உண்டு. புதுத் தொற்று சில நாள் சோதனைக்கே டிமிக்கி கொடுக்கும். அதனால்தான் முகாமில் ஊசிக்கு முன்னால் அந்த நீளமான படிவம். பலர் ஜூஸில் கண் வைத்தபடி எல்லாவற்றுக்கும் ‘இல்லை’ என்று டிக் அடிக்கிறார்கள். காசுக்கு ரத்தம் விற்பவர் உண்மை எழுதுவாரா? உச்ச நீதிமன்றத்தின் 1996 தீர்ப்பையொட்டி, 1998 முதல் அந்தத் தொழிலுக்கே தடை.

ஆண்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தம் கொடுக்கலாம். தலைவருக்கும் மூன்று மாதத்துக்கு ஒரு பிறந்த நாள் வைத்துவிட்டால் தீர்ந்தது. கேக் வெட்ட அவரா மறுக்கப்போகிறார்?