கரும்பலகையில் காணாமல் போகும் வரி: ஓர் ஆய்வு

கால்குலஸ் பேராசிரியர் கரும்பலகையில் எழுதும் மூன்றாவது வரிக்கும் நான்காவது வரிக்கும் நடுவே இன்னொரு வரி இருந்திருக்க வேண்டும். அது பலகையில் இல்லை. முதல் பெஞ்சு மாணவியின் நோட்டில் இல்லை. அந்த நோட்டைப் பார்த்து எழுதிய நோட்டிலும், அதை ஜெராக்ஸ் எடுத்த கட்டிலும் இல்லை. பார்த்தவர் பேராசிரியர் ஒருவர்தான். அவரும் மனக்கண்ணால் பார்த்ததோடு சரி. தலைமுறை தலைமுறையாக நடந்துவரும் இந்தக் காணாமற்போதலுக்கு முறையான ஆய்வு ஒன்று வேண்டாமா? அந்தக் குறையைப் போக்க எழுந்ததே இக்கட்டுரை.

முதலில் ஆய்வுக் களம். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021ஆம் ஆண்டு விதிமுறைப்படி, பொறியியல் முதல் செமஸ்டர் கணிதத் தாளின் பெயர் ‘மேட்ரிசஸ் அண்ட் கால்குலஸ்’. அந்தப் பெயரைச் சொல்லும் மாணவரைக் காண்பது அரிது. அவர்களுக்கு அது ‘எம் ஒன்’. எழுதாமல் விட்டாலோ தேறாமல் விட்டாலோ ‘எம் ஒன் அரியர்’. கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. கணிதம் சேர்ந்தவர்களுக்கு டி.கே. மாணிக்கவாசகம் பிள்ளையும் எஸ். நாராயணனும் சேர்ந்து எழுதிய கால்குலஸ் புத்தகம் துணை. கல்லூரி வேறு, புத்தகம் வேறு என்றாலும் வரி காணாமல் போவதில் மட்டும் இரு தரப்புக்கும் பூரண ஒற்றுமை.

இனி, காணாமல் போகும் வரியை எந்த வகையில் சேர்ப்பது என்ற இலக்கணச் சிக்கல். பவணந்தி முனிவர் நன்னூலில் ஒரு நூலுக்கு ஆகாத குற்றங்கள் பத்து என்கிறார். பட்டியலில் முதலாவது குன்றக் கூறல். சொல்ல வேண்டியதைக் குறைத்துச் சொல்வது. அதே பவணந்தியார் நூலுக்குரிய உத்திகள் முப்பத்திரண்டு என்றும் சொல்லி, கடைசி உத்தியாக உய்த்துணர வைப்பை வைக்கிறார். வெளிப்படையாகச் சொல்லாமல், படிப்பவரே ஊகித்து அறிந்துகொள்ளும்படி விடுவது அது. ஆக, விடுபட்ட வரி குற்றமா, உத்தியா? மாணவர் சங்கம் ஒன்று சொல்லும், ஆசிரியர் அறை வேறொன்று சொல்லும். சான்றுகளைப் பார்ப்போம்.

முதல் சான்றாக செக் எக்ஸின் இன்டக்ரேஷனை எடுத்துக்கொள்ளலாம். பேராசிரியர் கணக்கை எழுதுகிறார். ஒரு விநாடிகூட யோசிக்காமல் மேலேயும் கீழேயும் ‘செக் எக்ஸ் பிளஸ் டேன் எக்ஸ்’ என்று போட்டுப் பெருக்குகிறார். அடுத்த வரியில் ‘லாக்’ வந்து உட்கார்ந்துவிடுகிறது. விடை முடிந்தது, பக்கத்தில் டிக்கும் விழுந்தது.

மூன்றாவது பெஞ்சிலிருந்து ஒரு குரல்: “சார், அந்த செக் பிளஸ் டேன் எங்கேருந்து சார் வந்துச்சு?”

“அது ஒரு ட்ரிக்பா. ப்ளஸ் டூலயே பாத்திருப்பீங்களே.”

கேட்ட பையன் உட்கார்ந்துவிடுவான். இதற்கு மேல் கேட்டால், ப்ளஸ் டூவில் என்ன செய்துகொண்டிருந்தாய் என்ற கிளைக்கேள்வி வரும் என்பது அவனுக்குத் தெரியும். பெருக்கிய பிறகு மேலே இருப்பது கீழே இருப்பதன் டெரிவேட்டிவ். அதனால்தான் லாக் வந்தது. காணாமல் போன வரி இதுதான். எழுதப் பத்து விநாடி போதும்.

உலகம் இந்தப் பத்து விநாடியைக் கடக்க எடுத்துக்கொண்ட காலத்தை ஈண்டு பதிவு செய்வது ஆய்வாளர் கடமை. 1569இல் மெர்கேட்டர் கடலோடிகளுக்காக ஓர் உலக வரைபடம் போட்டார். துருவத்தை நோக்கிப் போகப் போக அட்சக் கோடுகளை எவ்வளவு தள்ளித் தள்ளி வரைவது என்று கணக்கிட செக் மதிப்புகளைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும்; அந்தக் கூட்டல்தான் செக் எக்ஸின் இன்டக்ரேஷன். இங்கிலாந்தின் எட்வர்ட் ரைட் 1599இல் வெளியிட்ட நூலில் அதைக் கையாலேயே கூட்டி அட்டவணை போட்டார். 1645 வாக்கில் ஹென்றி பாண்ட் என்பவர் அந்த அட்டவணையை லாகரிதம் அட்டவணை ஒன்றோடு ஒப்பிட்டு, இரண்டும் ஒத்துப்போவதைக் கண்டார். விடை கையில் கிடைத்துவிட்டது. ஏன் அப்படி என்று சொல்லத்தான் ஆள் இல்லை. 1666இல் நிக்கோலஸ் மெர்கேட்டர் (வரைபட மெர்கேட்டர் வேறு, இவர் வேறு) இதன்மேல் பந்தயமே கட்டினார். ஜேம்ஸ் கிரிகரி 1668இல் அதை நிறுவினார். அந்த நிரூபணம் சுற்றிச் சுற்றிப் போகிறது என்று எட்மண்ட் ஹேலி பின்னாளில் குறைப்பட்டுக்கொண்டார். ஐசக் பாரோ 1670இல்தான் மனிதர்க்குப் புரியும்படி ஒன்றை எழுதினார். விடை தெரிந்த பிறகும் காரணம் தெரிய இருபது ஆண்டுக்கு மேல் ஆகியிருக்கிறது. மூன்றாவது பெஞ்சுப் பையன் சந்தேகம் கேட்டது பதினேழாம் நூற்றாண்டின் முன்னணி மூளைகளோடு சேர்ந்துகொண்டுதான் என்பது இதனால் பெறப்படும்.

இரண்டாவது சான்று கடலிலிருந்தே கிடைக்கிறது. நத்தேனியல் பௌடிட்ச் என்ற அமெரிக்க மாலுமி, பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டுத் தானாகவே கணிதம் கற்றவர். பிரெஞ்சுக் கணிதர் லாப்லாஸின் வானியல் பெருநூலை ஆங்கிலத்தில் மொழிபெயர்க்க உட்கார்ந்தார். லாப்லாஸ் ஆங்காங்கே ‘இது எளிதில் புலப்படும்’ என்று எழுதி அடுத்த வரிக்குப் போய்விடுவார். அந்தத் தொடரைக் கண்டாலே, இன்னும் பல மணி நேர வேலை காத்திருக்கிறது என்று தமக்குத் தெரிந்துவிடும் என பௌடிட்ச் சொல்வாராம். விடுபட்ட வரிகளையெல்லாம் அடிக்குறிப்பாக எழுதி நிரப்பினார். 1829 முதல் 1839 வரை நான்கு தொகுதிகளாக வந்த அந்த மொழிபெயர்ப்பு மூலத்தைவிட இரண்டு மடங்குக்கு மேல் பருத்துவிட்டது. உலகின் முதல் முழுமையான ‘நோட்ஸ்’ ஒரு கப்பல்காரர் போட்டது என்று இந்த ஆய்வு தயங்காமல் முடிவு கட்டுகிறது.

மாணவர் தரப்பு எதிர்வினைக்கு வருவோம். பேராசிரியர் “புரிஞ்சுதா?” என்கிறார். வகுப்பு “புரிஞ்சுது சார்” என்கிறது. இந்த இரண்டு வாக்கியங்களுக்கும் பொருள் கிடையாது. கோயிலில் மணி அடித்ததும் கை தானாகக் குவிவது போல. உண்மையான எதிர்வினையை வரலாற்றில்தான் தேட வேண்டும். கால்குலஸைக் கண்டவர்களில் ஒருவரான நியூட்டன் 1669இல் கேம்பிரிட்ஜில் பேராசிரியரானார். 1680களில் அவரிடம் உதவியாளராக இருந்த ஹம்ஃப்ரி நியூட்டன் (உறவினர் அல்லர்) எழுதிய குறிப்பு கிடைக்கிறது: கேட்க வந்தவர் சிலர், புரிந்துகொண்டவர் அதிலும் சிலர், பல நாள் ஆளே இல்லாமல் சுவர்களுக்குப் பாடம் நடந்தது. நம் ஊர் 75 சதவீத அட்டெண்டன்ஸ் விதி அங்கே இருந்திருந்தால் வகுப்பில் பரீட்சைக்குப் போகத் தகுதி பெற்றிருப்பவை சுவர்கள் மட்டுமே.

பாரிஸ் மாணவர்கள் இவ்வளவு சாது அல்லர். நம் பாடப்புத்தகத்தில் ‘லிமிட்’ வரும் ஒவ்வொரு பக்கத்துக்கும் பொறுப்பாளியான கோஷி, எக்கோல் பாலிடெக்னிக்கில் பாடம் எடுத்தவர். 1821இல் ஒருநாள் நேரம் கடந்தும் வகுப்பை இழுத்துக்கொண்டே போனார். மாணவர்கள் கூச்சல் போட்டார்கள். சிலர் எழுந்தே போய்விட்டார்கள். மணி அடித்த பிறகு “ஒரே ஒரு ஸ்டெப்தான்” என்று சொல்லும் பேராசிரியர்கள் இந்த வரலாற்றை அறிந்து வைத்திருப்பது நல்லது. பெர்லினில் வையர்ஸ்ட்ராஸ் வேறு வழி கண்டார். 1861இன் கடைசியில் உடல்நலம் கெட்டதற்குப் பிறகு, அவர் நாற்காலியில் உட்கார்ந்து சொல்ல, மாணவர் ஒருவர் பலகையில் எழுதுவார். எழுதுகிறவன் மாணவன் என்றால் வரியைத் தாவ அவனுக்குத் துணிவு வராது என்பது இந்த ஆய்வாளரின் ஊகம்.

வகுப்பில் கிடைக்காத வரியைக் காசு கொடுத்து வாங்குவது டியூஷன். இதற்கும் மூலம் உண்டு. யோஹான் பெர்னூலி 1691–92இல் பாரிஸில் லோபிதால் என்ற பிரபுவுக்குக் கால்குலஸ் சொல்லிக்கொடுத்தார். 1694இல் பிரபுவிடமிருந்து கடிதம் வந்தது: ஆண்டுக்கு 300 லீவர் தருகிறேன், புதிதாகக் கண்டுபிடிப்பதை எனக்கு அனுப்புங்கள், வேறு யாருக்கும் காட்டாதீர்கள். பெர்னூலி ஒப்புக்கொண்டார். 1696இல் லோபிதால் வகை நுண்கணிதத்தின் முதல் பாடநூலை வெளியிட்டார். இன்று பூஜ்யம் பை பூஜ்யம் வந்தால் மாணவர்கள் ஓடிப்போய்ப் பிடித்துக்கொள்ளும் லோபிதால் விதி உள்ளபடி பெர்னூலியுடையது. லோபிதால் இறந்த பிறகு பெர்னூலி உரிமை கொண்டாடினார். ஊர் அவ்வளவாக நம்பவில்லை. அவருடைய பழைய பாடக் குறிப்புகள் 1922இல் அச்சேறிய பிறகுதான் வழக்கு அவர் பக்கம் தீர்ந்தது. டியூஷன் எடுத்தவர் பெயர் மறைந்து, ஃபீஸ் கட்டியவர் பெயர் நிலைத்த கதை இது.

கடைசியாக, எல்லா வரிகளிலும் சின்னது: ‘பிளஸ் சி’. இதை விட்டால் மார்க் போகும் என்று எல்லோருக்கும் தெரியும். எதற்காக என்று விடுதி அறையில் ஒருநாள்தான் தெரியவரும். சைன் எக்ஸ் காஸ் எக்ஸை இன்டக்ரேட் செய்யச் சொன்னால் ஒருத்தன் ‘சைன் ஸ்கொயர் எக்ஸ் பை டூ’ என்பான். இன்னொருத்தன் ‘மைனஸ் காஸ் ஸ்கொயர் எக்ஸ் பை டூ’ என்பான். மூன்றாமவன் டபுள் ஆங்கிள் போட்டு ‘மைனஸ் காஸ் டூ எக்ஸ் பை ஃபோர்’ என்பான். இரவு பதினொரு மணிக்குச் சண்டை முற்றும். மறுநாள் பேராசிரியர் மூன்று நோட்டையும் பார்த்துவிட்டு “மூணும் கரெக்ட்டுதான்” என்று சொல்லிவிட்டுப் போவார். முதல் இரண்டுக்கும் வித்தியாசம் சரியாக அரை. அந்த அரையை விழுங்கிக்கொள்ளத்தான் ‘சி’ இருக்கிறது. இந்த ஒரு வாக்கியத்தையும் அவர் சொல்லாமலே போய்விடுவார்.

இப்போது தீர்ப்பு. பலகையில் வரியைத் தாவும்போது பேராசிரியருக்கு அது உய்த்துணர வைப்பு. அதே பேராசிரியர் சிவப்பு மைப் பேனாவோடு விடைத்தாள் திருத்த உட்கார்ந்ததும் இலக்கணம் மாறிவிடுகிறது. விடைக் குறிப்பில் ஸ்டெப்புக்கு இத்தனை மார்க் என்று பிரித்துப் போட்டிருக்கும்; மாணவன் அந்த வரியைத் தாவியிருந்தால் அது குன்றக் கூறல், சுழித்து விடுவார். பவணந்தியார் ஒரே செயலை ஆளுக்கேற்பக் குற்றமாகவும் உத்தியாகவும் கொள்ளலாம் என்று எங்கும் விதி செய்யவில்லை. ஆகவே இவ்வாய்வு மாணவர் பக்கமே நிற்கிறது.

ஆனால் தீர்ப்பு வந்ததால் விடைத்தாளில் மார்க் ஏறப்போவதில்லை. இந்த செமஸ்டர் எம் ஒன் எழுதப் போகிறவர்கள், சார் பலகையில் போடாத வரியையும் சேர்த்து எழுதிவிடவும். கடைசியில் பிளஸ் சி போட்டாயிற்றா என்று ஒருமுறை பார்த்துவிட்டுத் தாளைக் கொடுக்கவும்.