சுவரை அளக்காதே பேராண்டி!

வாடா பேராண்டி! குவாண்டம் ஹால் ஆராய்ச்சிக்குக் கிளம்பிட்டியாமே. போ, நல்லா இரு. ஆனா ஒண்ணு, எலக்ட்ரான் சுவரு தாண்டுதுன்னு சொன்னதும் ஸ்கேலைத் தூக்கிக்கிட்டுச் சுவரை அளக்க ஓடாதே. படிச்சவன் புத்தி அங்கேதான் போகும்.

2000-ல கால்டெக்ல ஸ்பீல்மன், ஐசன்ஸ்டைன் கூட்டம் வச்சிருந்த காலியம் ஆர்சினைடு சில்லுல ரெண்டு எலக்ட்ரான் தட்டு. நடுவுல சுமார் 10 நானோமீட்டர் சுவரு. அதை வளர்த்துக் கொடுத்தவங்க பெல் லேப்ஸ் ஃபைஃபரும் வெஸ்ட்டும். சுவரை யாரும் சுரண்டலை. கேட் வோல்ட்டேஜால எலக்ட்ரான் நெரிசலைக் குறைச்சாங்க, அதுக்கேத்தாப்பல காந்தப்புலத்தையும் இறக்கினாங்க, அவ்வளவுதான்.

நெரிசல் இருந்தவரைக்கும் பூஜ்ய வோல்ட்டேஜ் பக்கத்துல சுவரு தாண்டுற கடத்தல் படுத்தே கிடந்துச்சு. தள்ளித்தள்ளி இடம் பிடிச்ச கூட்டத்துல புதுசா நுழையறவன் தண்டம் கட்டணுமில்லே? நெரிசல் குறைஞ்சதும், அதே பூஜ்யத்துல கூரா ஒரு உச்சம் எழும்பிடுச்சு!

நம்மூருப் பங்காளிங்க சுவரு எழுப்பினப்புறந்தான் எதிர்வீட்டு உலையில என்ன வேகுதுன்னு மோப்பம் பிடிப்பாங்க. இந்த எலக்ட்ரானுங்களும் அப்படித்தான். சொந்தத் தட்டுக்காரன் விலகிப் போகப் போக, எதிர்த்தட்டுக்காரன் நெருங்கினவனாயிடறான். ஒவ்வொருத்தனும் எதிரே காலியிடம் பார்த்து உட்கார்றான். அப்புறம் எவன் எந்தத் தட்டுன்னு கேட்டா அவனுக்கே தெரியாது.

ஒரு தட்டுல மட்டும் கரண்ட் விட்டாங்க, 2002-ல. கரண்டே ஓடாத தட்டுல ஹால் மின்தடை 25,813 ஓம்னு கணக்காக் காட்டுச்சு. 2004-ல கால்டெக்கும் பிரின்ஸ்டனும் ரெண்டு தட்டுலயும் எதிரெதிரா விட்டாங்க. ஹால் வோல்ட்டேஜ் கிட்டத்தட்டக் காணாமலே போச்சு. எலக்ட்ரானும் எதிர்க்காலியிடமும் ஜோடி போட்டு நடந்தா மொத்த மின்னூட்டம் பூஜ்யம். காந்தப்புலம் எதைப் பிடிச்சு வளைக்கும்?

இதைப் பார்த்துட்டு, “மீக்கடத்தி கிடைச்சாச்சு”ன்னு தண்டோரா போட்டுடாதே. அந்த உச்சம் உசரந்தான், ஆனா அதுக்கும் ஒரு அளவிருக்கு. ஜோடிங்க நடக்கையிலயும், மில்லிகெல்வின் குளிர்லயும் கொஞ்சம் மின்தடை ஒட்டிக்கிட்டுத்தான் கிடக்கு. பரிட்சை பண்றவரு உன் பெரிய உச்சத்தை விட்டுட்டு அந்தத் துக்கடாவைத்தான் தோண்டுவாரு. முழிக்காதே. அது எங்கேருந்து வருதுன்னு துருவத்தானே ராசா உனக்கு மாசாமாசம் உதவித்தொகை!