விளைவிப்பதும் சமைப்பதும்

கேள்வி: வெயிலிலிருந்தே ஆற்றல் தயாரிக்கத் தெரிந்த செடிக்கு, நம்மைப் போல மைட்டோகாண்ட்ரியா எதற்கு?

பதில்: இலைக்கு வெயில் உண்டு. மண்ணுக்குள் இருக்கும் வேருக்கு? நள்ளிரவில் இலைக்கே?

இலையில் வெயிலைப் பிடிக்கும் பசுங்கணிகத்துக்குள் நடப்பது மேட்டூர் அணை வேலை. ஒளியின் பலத்தால் புரோட்டான்கள் தைலகாய்டு பைக்குள் தேங்குகின்றன. அவை வெளியே பாயும்போது ஏ.டி.பி. சிந்தேஸ் என்னும் நொதி டர்பைன் போலவே சுழன்று, செல் செலவழிக்கும் ஆற்றல் நாணயமான ஏ.டி.பி.யை உருவாக்குகிறது. அந்த நொதி இயங்கும் விதத்தை விளக்கிய பாயரும் வாக்கரும் 1997இல் வேதியியல் நோபல் பரிசில் பங்கு பெற்றார்கள்.

ஆனால் ஏ.டி.பி. அன்றாடக் கூலி, சேர்த்து வைக்க முடியாது. பெரும்பகுதி அங்கேயே சர்க்கரை செய்யச் செலவாகிவிடும். ஒரு குளுக்கோஸ் அளவுக்குச் சர்க்கரை சேர 18 ஏ.டி.பி.யும் ஒளியால் உருவாகும் இன்னொரு மூலக்கூறான என்.ஏ.டி.பி.எச். 12-உம் வேண்டும்.

அந்தச் சர்க்கரைதான் குதிரில் கொட்டிய நெல். மாவுச்சத்தாக இலையில் தங்கும். சுக்ரோஸாகி வேர்வரை போகும். அதை உலையில் ஏற்றி, வேண்டிய இடத்தில் ஏ.டி.பி. எடுத்துத் தருவது மைட்டோகாண்ட்ரியா. பகலிலும் அந்த அடுப்பு அணைவதில்லை.

நெல் விளைந்தால் போதுமா, சோறு பொங்க வேண்டாமா? தானே விளைவித்து, தானே சமைத்து, மிச்சத்தை நம் இலையிலும் பரிமாறுகிறது செடி!